ட்ரயல்ஸ் சைக்கிள் பாகங்கள்: எது எப்படி உடையும்?

இடுப்பளவுச் சுவர். பின் சக்கரத்தில் நின்றபடி இரண்டு துள்ளல், மூன்றாவதில் பெடலை அழுத்தி மேலே எம்ப வேண்டும். நூறு தடவை செய்த காரியம்தான். அன்று அழுத்தியபோது, அடியில் ஒன்றுமே இல்லாதது போலக் கால் இறங்கிப் போனது. முழங்கால் ஸ்டெம்மில், அதாவது ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டில், மோதியது. சுவரடியில் நான், என் மேல் சைக்கிள்.

ஃப்ரீவீல் பிடிக்கவில்லை. மிதிக்கும்போது பிடித்துக்கொண்டு, மிதிக்காதபோது சக்கரத்தைத் தன்பாட்டில் சுற்றவிடும் பாகம் அது. அதற்கு முந்தைய வாரம்தான் அதைக் கழற்றி, சுத்தம் செய்து, கெட்டியான கிரீஸை அள்ளிப் பூசி மூடியிருந்தேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. உள்ளே ஸ்பிரிங் தள்ளிவிடும் சின்ன நகங்கள் அந்தக் கிரீஸில் ஒட்டிக்கொண்டு எழும்பவே இல்லை. பாகம் விலை உயர்ந்தது, கெட்டுப்போனதும் இல்லை. தப்பு என்னுடையது.

அன்றிலிருந்து எந்தப் பாகத்தைக் கையில் எடுத்தாலும் எடை எவ்வளவு, விலை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறேன்: இது போகும்போது எப்படிப் போகும், போவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போகுமா? சாதாரண சைக்கிளில் பாகம் போனால் பெரும்பாலும் ஓரமாக இறங்கித் தள்ளிக்கொண்டு வரலாம். ட்ரயல்ஸில் அப்படியில்லை. பாகங்கள் மேல் முழுப் பாரம் விழுவதே நாம் கல்முனையிலோ காற்றிலோ இருக்கும் நொடியில்தான். அதனால் உடைவதும் அந்த நொடியில்தான் உடையும்.

புதியவர்களுக்காக இரண்டு வரி. ட்ரயல்ஸ் என்பது காலைத் தரையில் ஊன்றாமல் பாறை, மரக்கட்டை, சுவர் என்று தாவித் தாவிக் கடக்கும் விளையாட்டு. முதலில் இது மோட்டார் சைக்கிளில் இருந்தது. ஸ்பெயினின் மோன்டேசா மோட்டார் சைக்கிள் நிறுவனத்தோடு இருந்த பெட்ரோ பீ, தன் மகன் ஓட் பீக்காக அதைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். மகன் பிறகு உலகச் சாம்பியனும் ஆனார். சைக்கிளில் சீட் கிடையாது, கியர் மாற்றம் கிடையாது, சஸ்பென்ஷன் கிடையாது. இருப்பது கொஞ்சம் பாகங்கள்தான். அதனால் ஒவ்வொன்றும் கூடுதல் வேலை செய்கிறது.

முதலில் சக்கர அளவு

20, 24, 26 அங்குலம் என்று மூன்று உண்டு. யூசிஐ (சர்வதேச சைக்கிள் சங்கம்) போட்டிகளில் 20, 26 இரண்டும் தனித்தனிப் பிரிவுகள். 24 தெருவில் ஓட்டுபவர்களின் அளவு. 2009-இல் வந்த ஒரு வீடியோவால் உலகம் முழுக்கத் தெரியவந்த டேனி மெக்கஸ்கில் அதில் ஓட்டியது இந்த ரகம்.

எதை வாங்குவது என்பதற்கு நீண்ட விவாதம் தேவையில்லை. உயரம் குறைவானவர்கள், ஒரே இடத்தில் நின்று நுணுக்கமாகத் துள்ள ஆசைப்படுபவர்கள் 20 எடுக்கலாம். உயரமானவர்கள், இயற்கையான பாறைகளில் ஓட்டப் போகிறவர்கள் 26. படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, சுழற்சி என்று விளையாட வேண்டுமென்றால் 24. அவ்வளவுதான்.

ஆனால் இந்த முடிவு மற்ற எல்லாப் பாகங்களையும் இழுத்துக்கொண்டு வரும், அதைத்தான் கவனிக்க வேண்டும். 20 அங்குலம் என்று பெயர் இருந்தாலும் அதன் பின் ரிம் 19 அங்குலம். தடிமனான டயருக்கு இடம் விட்டு அப்படி வைத்திருக்கிறார்கள். சிறுவர் சைக்கிள் டயர் அதில் ஏறாது. அந்த அளவு டயரைச் செய்யும் நிறுவனங்களும் கொஞ்சம்தான். 26-க்கோ பழைய மலைச் சைக்கிள்களின் டயர் எது வேண்டுமானாலும் பொருந்தும். உதிரி கிடைப்பது கடினமான இடத்தில் இருப்பவர் 26 பக்கம் சாய்ந்தால் நான் குறை சொல்லமாட்டேன்.

பற்சக்கரக் கணக்கும் மாறும். 20-இல் வழக்கமான சேர்க்கை முன்னால் 18 பல், பின்னால் 12. 26-இல் 22-க்கு 18, அல்லது பழைய பாணியில் 18-க்கு 15. கணக்குப் போட்டால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு 20 அங்குலம் ஏறக்குறைய 2.4 மீட்டர் போகிறது, 26 அங்குலம் 2.6 மீட்டர். வித்தியாசம் ஒரு சாண்தான். சக்கரம் சின்னது பெரிது என்றாலும் கால் உணரும் பாரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் ‘20 அங்குலத்தில் மிதிப்பது லேசு’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லேசாக இருப்பது சைக்கிளைத் தூக்குவது, மிதிப்பது அல்ல. ஒன்று மட்டும் உண்மை: 12 பல் உள்ள குட்டிச் சக்கரம் 18 பல் சக்கரத்தைவிட வேகமாகத் தேயும். மொத்த இழுப்பையும் அங்கே ஐந்தாறு பற்கள்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன.

ஃப்ரீவீல் முன்னாலா, பின்னாலா?

சாதாரணச் சைக்கிளில் ஃப்ரீவீல் பின் சக்கரத்தில்தான் இருக்கும். ட்ரயல்ஸில் அதை முன்னால், பெடலைத் தாங்கும் கையான கிராங்கிலேயே மாட்டும் வழக்கம் ஒன்று உண்டு. பின்னால் இருக்கும் பற்சக்கரம் சக்கரத்தின் நடுக்கூடான ஹப்போடு இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். கடைக்குப் போனவுடன் நம்மைக் குழப்பும் முதல் கேள்வி இதுதான்.

எதற்காக முன்னால் வைத்தார்கள்? 12 பல் அளவுக்குள் வலுவான ஃப்ரீவீல் செய்ய இடம் போதாது. 18 பல் அளவில் செய்யலாம். அப்புறம், பின் ஹப் எளிமையாகிவிடுகிறது. எடை சைக்கிளின் நடுவுக்கு வந்துவிடுகிறது. 20 அங்குலத்தில் இன்றும் பெரும்பாலும் முன் ஃப்ரீவீல்தான். 26-இல் பின் ஹப்புக்கே பலர் திரும்பிவிட்டார்கள்.

இரண்டையும் ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது கிளிக் எண்ணிக்கை. ஒரு சுற்றுக்கு எத்தனை இடத்தில் நகம் பிடிக்கும் என்ற கணக்கு அது. மலிவான ஃப்ரீவீலில் 16 இருக்கும். வைட் இண்டஸ்ட்ரீஸின் ஈனோ ட்ரயல்ஸ் ஃப்ரீவீலில் 72. ட்ரயல்ஸுக்கென்றே வரும் மற்ற சிலவற்றில் 108 வரை போகிறது. எண்ணாகச் சொன்னால் விளங்காது, காலில் அளந்து பார்க்கலாம். 175 மில்லிமீட்டர் கிராங்க் என்று வைத்துக்கொண்டால், 16 கிளிக்கில் பிடிமானம் வருமுன் பெடல் கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர் வரை வெறுமனே இறங்கலாம். 72-இல் அது ஒன்றரை சென்டிமீட்டர். 108-இல் ஒரு சென்டிமீட்டர். 16-லிருந்து 72-க்குப் போனால் வாழ்க்கையே மாறும். 72-லிருந்து 108-க்குப் போனால் வித்தியாசம் அரை சென்டிமீட்டர்தான். அதை உணர்ந்து பயன்படுத்தும் அளவுக்கு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், நான் அவர்களில் ஒருவன் இல்லை.

பின் ஃப்ரீவீலுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. 22-க்கு 18 சேர்க்கையில், பின் ஹப்பின் வெற்றுச் சுழற்சி பெடலுக்கு வரும்போது ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைந்துவிடும். கிறிஸ் கிங் நிறுவனத்தின் ஹப்பிலும் 72 கிளிக்தான். ஆனால் காலில் அது 88 கிளிக் முன் ஃப்ரீவீல் போல இருக்கும். அந்த ஹப் தாங்கவேண்டிய முறுக்கமும் அதே அளவுக்குக் குறைவு. முன் ஃப்ரீவீலோ நம் மிதி முழுவதையும் அப்படியே வாங்குகிறது.

கிளிக் எண்ணிக்கையைவிட முக்கியமான கேள்வி வேறு: ஒரே நேரத்தில் எத்தனை நகங்கள் பிடிக்கின்றன? எண்ணிக்கையைக் கூட்ட இரண்டு வழி உண்டு. பற்களை நுணுக்கமாக வெட்டலாம். அல்லது நகங்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு அணி பிடிக்கும்போது மற்றொன்று பல்லின் நடுவில் நிற்கும்படி வைக்கலாம். இரண்டாவது வழியில், ஆறு நகம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் எந்த நொடியிலும் பாரம் தாங்குவது மூன்றுதான். அது மோசம் என்று சொல்லவில்லை; தெரிந்து வாங்க வேண்டும். கிறிஸ் கிங்கில் நகமே கிடையாது. பல் வெட்டிய இரண்டு வளையங்கள் மொத்தமாக ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். விலையைக் கேட்டால் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கேட்கத் தோன்றும்.

சரி, எப்படி உடையும்? முன் ஃப்ரீவீல் போகப் போகிறது என்றால் பெரும்பாலும் முன்னாலேயே வழுக்கத் தொடங்கும். இன்று ஒரு ‘டக்’, அடுத்த வாரம் இரண்டு. அந்த முதல் ‘டக்’கை மதித்தால் பிழைத்தோம். பின் ஹப்பில் ஆபத்து வேறு மாதிரி. உயரத்திலிருந்து பின் சக்கரத்தில் இறங்கி இறங்கி அச்சு லேசாக வளைந்தால், நகங்கள் சமமாகப் பிடிக்காது. ஒன்றிரண்டு நகமே முழு பாரத்தையும் சுமக்கும். வெளியே எதுவும் தெரியாது, ஒருநாள் நகங்கள் கவ்வும் வளையத்தில் விரிசல் விழும். சக்கரத்தைக் கழற்றி அச்சைக் கையால் சுழற்றிப் பார்த்தால் தட்டுத் தடங்கல் தெரியும். மாதம் ஒருமுறை அதைச் செய்யலாம்.

முன் ஃப்ரீவீலில் இன்னொரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதில் பின் சக்கரம் சுற்றினால் செயினும் கூடவே சுற்றும், நாம் மிதிக்காவிட்டாலும். ஸ்டாண்டில் வைத்து, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, துணியால் செயினைத் துடைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்தச் சைக்கிளில் அதைச் செய்யவே கூடாது. துணி பல்லில் சிக்கினால் விரலும் சேர்ந்து போகும். சக்கரத்தின் வேகம் முழுவதும் அந்தச் செயினில் இருக்கிறது, பிரேக் பிடிக்க நேரம் இருக்காது. அதே காரணத்தால், வேகமாக ஓட்டும்போது செயின் கழன்று சிக்கினால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். தெருவில் வேகமாக ஓட்டும் 24 அங்குலக்காரர்களுக்குப் பின் ஃப்ரீவீல்தான் என்று நான் சொல்வது இதனால்தான். நடை வேகத்தில் பாறை ஏறும் 20 அங்குலத்துக்கு முன் ஃப்ரீவீல் போதும்.

பராமரிப்பில் ஒரு முரண் இருக்கிறது. கிராங்கின் மரையில் கிரீஸ் தாராளமாகப் போட வேண்டும், ஃப்ரீவீலுக்கு உள்ளே போடவே கூடாது. மரையில் கிரீஸ் இல்லாமல் மாட்டினால் ஒவ்வொரு மிதியும் அதை இன்னும் இறுக்கி, கழற்றும் நாளில் கிராங்கை வைஸில் பிடித்து இரண்டு பேர் தொங்க வேண்டியிருக்கும். உள்ளே மெல்லிய எண்ணெய் சில சொட்டுகள் மட்டும். பின் ஹப்புக்கு அதைச் செய்தவர்கள் சொல்லும் மெல்லிய கிரீஸ்.

பிரேக்: ரிம்மா, டிஸ்க்கா?

மற்ற சைக்கிள்களில் பிரேக் நிறுத்துவதற்கு. இங்கே அது நிற்பதற்கு. பின் சக்கரத்தில் பேலன்ஸ் செய்யும்போது அச்சு ஒரு துளி நகர்ந்தாலும் விழுந்துவிடுவோம். அதனால் நல்ல ட்ரயல்ஸ் பிரேக் என்றால் வேகத்தைக் குறைக்கும் திறமை இரண்டாம்பட்சம்; பிடித்தால் பாறை மாதிரி பூட்ட வேண்டும், விட்டால் உடனே விட வேண்டும்.

மாகுரா நிறுவனம் 1987-இல் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ரிம் பிரேக்கைக் கொண்டுவந்தது. அதன் வழிவந்த எச்எஸ்33-தான் ட்ரயல்ஸ் உலகின் அடையாளம் போல ஆகிவிட்டது. ரிம்மின் இரு பக்கமும் இரண்டு சின்ன சிலிண்டர்கள் பிரேக் கட்டைகளை நேராகத் தள்ளும். வழவழப்பான ரிம்மில் அது போதாது என்பதால் ஆங்கிள் கிரைண்டரை எடுத்து ரிம்மின் பக்கவாட்டைக் குறுக்குக் கீறல்களாகச் சொரசொரப்பாக்குவார்கள். புது ரிம்மில் கிரைண்டர் வைக்கும்போது மனது பதறும். பிறகு பழகிவிடும்.

டிஸ்க்கில் ஹோப் நிறுவனம் ட்ரயல்ஸுக்கென்றே பிரேக் செய்திருக்கிறது. சாதாரண மலைச் சைக்கிள் டிஸ்க் பிரேக்குகளையும் பலர் போடுகிறார்கள்.

ஏன் ரிம் பிரேக் இவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதற்கு விளக்கம் எளிது. 26 அங்குலச் சக்கரத்தில் டயரின் வெளி விளிம்பு அச்சிலிருந்து 34 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ரிம் பிரேக் பிடிப்பது 28 சென்டிமீட்டரில். 160 மில்லிமீட்டர் டிஸ்க் பிடிப்பது 7 சென்டிமீட்டர் சொச்சத்தில். அதாவது, ஒரே பிடிக்கு டிஸ்க் நான்கு மடங்கு உராய்வைத் தர வேண்டும். அந்தச் சக்தி ஹப்பிலிருந்து ஸ்போக்ஸ் வழியாகத்தான் டயருக்குப் போகிறது. ஸ்போக்ஸ் லேசாக முறுக்கிக் கொடுக்கும். பின் சக்கரத்தில் நிற்கும்போது அந்த முறுக்கம் ரப்பர் மாதிரித் தெரியும். ரிம் பிரேக்கில் ஸ்போக்ஸ் கணக்கிலேயே வராது. 20 அங்குலத்தில் சக்கரம் சின்னது என்பதால் டிஸ்க்கின் இந்தக் குறை பாதி மறைந்துவிடும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ரிம் கொஞ்சம் கோட்டம் ஆனாலும் கட்டை உரசத் தொடங்கும், ட்ரயல்ஸில் ரிம் கோட்டம் ஆகாத வாரமே கிடையாது. டிஸ்க்குக்கு ரிம் எப்படி இருந்தாலும் கவலை இல்லை. கீறிய ரிம் புதிதாக இருக்கும்போது கடிக்கும், சில வாரங்களில் மழுங்கும், மறுபடி கீற வேண்டும். ஒவ்வொரு கீறலும் அலுமினியத்தைக் கொஞ்சம் தின்கிறது. பக்கச் சுவர் மெலிந்துகொண்டே போய் ஒருநாள் டயரின் காற்றழுத்தத்துக்கே பிளந்துகொள்ளும். எத்தனை தடவை கீறினோம் என்று ரிம் உட்புறத்தில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அப்புறம் அந்தச் சத்தம். கீறிய ரிம்மின் அலறலை அக்கம்பக்கத்தில் யாரும் ரசிப்பதில்லை.

உடையும் விதத்தில்தான் இரண்டும் நேரெதிர். ரிம் பிரேக் படிப்படியாக மோசமாகும், சத்தம் மாறும், லீவர் ஆழமாகப் போகும். நாம் செவிடாக இருந்தால் தவிர நிறைய எச்சரிக்கை கிடைக்கும். டிஸ்க் நேற்று வரை அருமையாக இருக்கும். செயினுக்குப் போட்ட எண்ணெய் ஒரு சொட்டு தட்டில் பட்டிருக்கும், இன்று முதல் பாறையில் வழுக்கிவிடும். எண்ணெய் உறிஞ்சிய பேடை எரித்தும் தேய்த்தும் காப்பாற்ற முயன்று நான் வென்றதில்லை, புதிதுதான் வாங்கினேன். ஈரத்தில் எது மேல் என்றால், நல்ல கட்டையோடு கீறிய ரிம் தாக்குப்பிடிக்கும். கீறாமல் தார் பூசி ஒட்டவைக்கும் பழைய வித்தை ஒன்று உண்டு; காய்ந்த நாளில் அது அபாரம், தண்ணீர் பட்டால் அதோ கதி.

என் தேர்வு: பின்னால் கீறிய ரிம் பிரேக், முன்னால் டிஸ்க். பின் சக்கரத்தில் நிற்க வேண்டும், அங்கே கெட்டித்தனம் முக்கியம். முன் சக்கரம் அடிக்கடி கல்லில் மோதி வளைகிறது, அங்கே கோட்டத்தைப் பொருட்படுத்தாத டிஸ்க் நல்லது. கிரைண்டர் வைத்துக்கொண்டு உட்கார நேரமில்லை என்பவர், சேற்றில் அதிகம் ஓட்டுபவர், இரண்டிலும் டிஸ்க் போடலாம்; ஸ்போக்ஸை நல்ல இறுக்கத்தில் வைத்திருந்தால் அந்த ரப்பர் உணர்வு குறையும். வாங்குமுன் ஃபிரேமைப் பாருங்கள். ரிம் பிரேக்குக்கு நான்கு போல்ட் துளை இருக்கிறதா, டிஸ்க்குக்கான இடம் இருக்கிறதா என்பதிலேயே பாதி முடிவு எடுக்கப்பட்டிருக்கும்.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மாகுராவுக்கும் ஷிமானோவுக்கும் மினரல் எண்ணெய், ஹோப்புக்கு டாட் (DOT) எனப்படும் பிரேக் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் உப்பிப்போய்ப் பிரேக் முழுதும் வீணாகும். டாட் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது, பெயின்ட்டையும் உரிக்கும். அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் மாற்ற வேண்டும். மாகுராவில் எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் ஊற்றுபவர்கள் உண்டு. தண்ணீர் எண்ணெயைவிட மெல்லியது என்பதால் லீவர் சட்டென்று திரும்பும். உண்மையிலேயே நன்றாக இருக்கும். குளிரில் உறையாமல் இருக்க அதற்கான திரவம் கலக்க வேண்டும், துருவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சீசன் செய்துவிட்டு எண்ணெய்க்கே திரும்பிவிட்டேன். வேலை கூடியது, ஓட்டம் கூடவில்லை.

செயின்

எழுபது கிலோ ஆள் ஒருவர் 175 மில்லிமீட்டர் கிராங்கில் வெறுமனே ஏறி நின்றாலே, 18 பல் சக்கரத்தில் செயினின் இழுப்பு ஏறக்குறைய 340 கிலோ. 22 பல் என்றால் 275. இது நிற்கும்போது. எம்பும்போது இன்னும் ஏறும். பெரிய பற்சக்கரம் செயினுக்கு இரக்கம் காட்டுகிறது என்பது இந்த எண்ணில் தெரியும். ஆனால் அது கல்லில் இடிக்கும் வாய்ப்பும் கூடும், அதைக் கல்லிலிருந்து காக்கும் பேஷ் தட்டும் பெரிதாக வேண்டும்.

அகலமான செயின்தான் வலுவானது என்ற நம்பிக்கை ஒன்று உலவுகிறது. 1/8 அங்குலம், 3/32 அங்குலம் என்பவை உள் அகலம் மட்டுமே. வலு இருப்பது தகட்டின் தடிமனிலும், கண்ணிகளைக் கோக்கும் ஆணியை அடித்த விதத்திலும். நல்ல நிறுவனத்தின் 3/32 செயின், பெயர் தெரியாத 1/8 செயினைவிட எவ்வளவோ மேல். பற்சக்கரத்துக்கு எது பொருந்துமோ அதை வாங்குங்கள், விலையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சைக்கிளிலேயே அறிவிப்பில்லாமல் போகும் பாகம் செயின். அது அறுந்தால் தொடையோ தாடையோ ஹேண்டில்பாரில் போய் நிற்கும்.

அறிவிப்பு தராது என்றாலும் அளந்தால் சொல்லும். பன்னிரண்டு முழுக் கண்ணிகள் புதிதில் 304.8 மில்லிமீட்டர் இருக்கும். 306.3-ஐத் தொட்டுவிட்டால் அரைச் சதவீதம் நீண்டுவிட்டது என்று பொருள், மாற்றிவிடலாம். சாதாரணச் சைக்கிளில் அதற்கு மேலும் ஓட்டுபவர்கள் உண்டு, இங்கே வேண்டாம். தேய்ந்த பற்சக்கரத்தில் புதுச் செயின் போட்டால் பல் தாவும், ஆகவே பின் பற்சக்கரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அழுத்தி எடுத்த ஆணியை மறுபடி அடிப்பது தெருமுனை வரை போவதற்குச் சரி.

இறுக்கம்: நடுவில் விரலால் தூக்கினால் ஒரு சென்டிமீட்டர் போல ஆட வேண்டும். கிராங்கை முழுச் சுற்று சுற்றி, எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே இதைப் பாருங்கள். பின் அச்சின் இரு பக்கமும் செயினை இறுக்க உதவும், எண் போட்ட நத்தை வடிவத் தகடு இருந்தால் இரண்டையும் ஒரே எண்ணில் வையுங்கள். இல்லாவிட்டால் சக்கரம் சாய்ந்து நிற்கும்.

டயரைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பின்னால் அகலமானது, 2.5 அங்குலம் போல, மென்மையான ரப்பர். காற்று 15 முதல் 22 பிஎஸ்ஐ, ஆளின் எடைக்கு ஏற்ப. கல்முனையில் இறங்கும்போது ரிம் தட்டும் சத்தம் கேட்டால் ஒன்றிரண்டு கூட்டுங்கள், பந்து மாதிரி குதித்தால் குறையுங்கள். மெல்லிய பக்கச் சுவருள்ள லேசான டயரைத் தேடிப் போவதில் பொருளில்லை. மிச்சமாகும் கிராம்கள் பஞ்சர் டியூபாகத் திரும்பி வரும்.

ஹேண்டில்பார், ஸ்டெம், ஃபோர்க்

இந்த மூன்றும் உடைந்தால் முதலில் தரையைத் தொடுவது முகம். அதனால் இங்கே என் விதி கறாரானது: பழையது வாங்க மாட்டேன், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். ஃபிரேம், ஹப், கிராங்க், பிரேக் எல்லாம் பழையதாக வாங்கியிருக்கிறேன். இவற்றை மட்டும் இல்லை. அலுமினியத்துக்கு அலுப்பு சேர்ந்துகொண்டே போகும். சின்னச் சின்னப் பாரம்கூடக் கணக்கில் ஏறும். முந்தைய உரிமையாளர் எத்தனை தடவை விழுந்தார் என்பது அதன் மேல் எழுதியிருக்காது.

ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) ஸ்டீலா அலுமினியமா என்றால், எடை கூடினாலும் தொடங்குபவருக்கு ஸ்டீல் என்பேன். ஸ்டீல் பெரும்பாலும் முதலில் வளையும், சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கும், நமக்குத் தெரியும். அலுமினியம் விரிசலோடு அமைதியாக இருந்துவிட்டுச் சட்டென்று போகும். போட்டிக்குப் போகும் நாள் வரும்போது லேசான ஃபோர்க்கைப் பற்றி யோசிக்கலாம். அப்போது விரிசல் தேடும் கண்ணும் பழகியிருக்கும்.

டைட்டானியம் போல்ட் பற்றியும் கேட்பார்கள். பேஷ் தட்டில், பிரேக் லீவரில் போடலாம். அலுமினிய போல்ட்டை ஸ்டெம்மிலோ அச்சிலோ போடச் சொல்பவரிடமிருந்து நைசாக நகர்ந்துவிடுங்கள்.

பணம் குறைவாக இருந்து எதை முதலில் மாற்றுவது என்று கேட்டால், என் வரிசை இது: முதலில் புதுச் செயினும் பிரேக் கட்டையும், ஏனென்றால் இவை விலை குறைவு, பலன் உடனடி. அப்புறம் ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும். அதன் பிறகு ஃப்ரீவீல். எடை குறைப்பது கடைசியில், பணம் மிஞ்சினால். நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். என் முதல் சம்பாத்தியம் துளை போட்ட லேசான ரிம்முக்குப் போனது, செயின் மட்டும் சைக்கிளோடு வந்த அதே செயின்.

ஓட்டி முடித்ததும் பத்து நிமிடம் ஒதுக்குகிறேன். துணியால் ஃபிரேமைத் துடைப்பதுதான் வேலை. பளபளப்புக்காக அல்ல, துடைக்கும்போதுதான் விரிசல் கண்ணில் படும். ஃபோர்க் நுழையும் முன் குழாயான ஹெட் ட்யூபின் வெல்டுக்குப் பின்னால், கிராங்க் அச்சுக்கூட்டைச் சுற்றி, பிரேக் பொருத்தும் நான்கு துளைகளின் ஓரம், பின் அச்சு உட்காரும் இடம், ஹேண்டில்பார் ஸ்டெம்முக்குள் நுழையும் விளிம்பு. துடைத்த பிறகும் போகாத கறுப்புக் கோடு இருந்தால் விரல் நகத்தால் குறுக்கே இழுத்துப் பார்ப்பேன். நகம் தடுக்கினால் அந்தப் பாகத்துக்கு அன்றோடு ஓய்வு.

அந்த ஃப்ரீவீலை நான் தூக்கிப் போடவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கிரீஸ் முழுவதையும் எடுத்து, மெல்லிய எண்ணெய் விட்டு மாட்டினேன். இப்போதும் அதுதான் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் ஓட்டுமுன் கிராங்கைப் பின்னோக்கிச் சுழற்றிக் காது கொடுத்துக் கேட்பேன். கிளிக்குகள் பிசிறில்லாமல் விழுந்தால்தான் சுவர் பக்கம் போகிறேன்.